செம்பைப் பிடித்திருக்கும் கைகள்

தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது. ஈசூன் வீட்டில் அம்மா பூசைச் சாமான்களை எல்லாம் எடுத்துச் சமையலறையில் பரப்பியிருந்தார். செம்புச் சொம்பு, பஞ்சபாத்திரம், உத்தரணி, கறுத்துப்போன ஒரு தாம்பாளம். எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, சொம்பின் மேல் தடவினார். விரல் போன தடத்திலேயே கறுப்பு விலகி, உள்ளே இருந்த இளஞ்சிவப்பு வெளியே வந்தது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்கா மகள் உயர்நிலை நான்கில் படிக்கிறாள். வேதியியல் செய்முறைத் தேர்வு அப்போதுதான் முடிந்திருந்தது.

"சித்தி, புளியில அமிலம் இருக்கு. அமிலம் கறுப்பைக் கரைக்குது. அவ்வளவுதானே?"

பாதி சரி. சொம்பின் மேல் படிந்த கறுப்பு, செம்பு காற்றோடு சேர்ந்து உண்டான ஆக்சைடு. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் அதைக் கரைக்கிறது. ஆனால் கரைந்து வந்த செம்பு அயனி (எலக்ட்ரானை இழந்த செம்பு அணு) தண்ணீரில் தனியாக நிற்பதில்லை. டார்டாரிக் அமிலத்தின் மிச்சமான டார்டரேட், அந்த அயனியைச் சுற்றி வளைத்துப் பிடித்துக்கொள்கிறது. உப்பில் இருக்கும் குளோரைடும் கொஞ்சம் கை கொடுக்கிறது. பிடிபட்ட செம்பு திரும்பவும் பாத்திரத்தில் ஒட்டாமல் தண்ணீரோடு போய்விடுகிறது. இப்படி வேறொரு மூலக்கூறோ அயனியோ செம்பைப் பிடித்து வைத்திருக்கும் அமைப்புக்குத்தான் செம்பின் அணைவுச் சேர்மம் என்று பெயர். பச்சைக் களிம்பும் இதே புளிக்குத்தான் போகும். செம்பில் களிம்பு போல உயிரோடு ஆணவ மலம் ஒட்டியிருக்கிறது என்று சைவ சித்தாந்தம் பேசும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் புளிக்கரைசல்தான் நினைவுக்கு வரும்.

முதலில் சொற்கள். இங்கே சிங்கப்பூரில் பிள்ளைகள் அறிவியலை ஆங்கிலத்தில் படிப்பதால், தொடக்கக் கல்லூரிக்குப் போனதும் 'லிகண்ட்' என்ற சொல்லைச் சந்திப்பார்கள். கட்டுதல் என்ற பொருள் கொண்ட லத்தீன் வேரிலிருந்து வந்தது. தமிழ்நாட்டுப் பாடநூலில் இதற்கு 'ஈனி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்தச் சொல்தான் அதிகம் பிடிக்கும். ஈதல் என்றால் கொடுத்தல். ஈனி கொடுப்பது ஓர் இணை எலக்ட்ரான். நைட்ரஜன், ஆக்சிஜன், கந்தகம் ஆகிய அணுக்களில் யாரோடும் பகிராத எலக்ட்ரான் இணைகள் இருக்கும். எலக்ட்ரானை இழந்து நிற்கும் உலோக அயனிக்கு அந்த இணையைக் கொடுத்து, அந்தக் கொடையையே பிணைப்பாக்கிக்கொள்வது ஈனி. உலோகத்தைச் சுற்றி இப்படி ஈனிகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில், குறிப்பிட்ட வடிவத்தில் அமர்கின்றன என்று 1893இல் முன்வைத்தவர் ஆல்பிரட் வெர்னர். அப்போது அவருக்கு 26 வயது. இருபது ஆண்டு கழித்து, 1913இல், நோபெல் பரிசு கிடைத்தது.

செம்புக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஓர் எலக்ட்ரானை இழந்த நிலை ஒன்று, இரண்டை இழந்த நிலை ஒன்று. முதலாவது பெரும்பாலும் நிறமற்றது, கந்தகத்தை விரும்பும், நான்முகி வடிவில் உட்காரப் பார்க்கும். இரண்டாவது நீலமோ பச்சையோ காட்டும், நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் விரும்பும், சதுரமாக உட்காரும். இந்த இரண்டுக்கும் இடையே செம்பு எளிதாகப் போய்வரும். அதன் நன்மையும் ஆபத்தும் அந்தப் போக்குவரத்தில்தான் இருக்கின்றன. அதைக் கட்டுப்படுத்துவது, செம்பைப் பிடித்திருக்கும் ஈனி.

அக்கா மகளுக்கு இதை விளக்க நான் வேறு எங்கும் போகவில்லை. அவள் தேர்வில் செய்த சோதனைக்குழாயையே எடுத்துக்கொண்டேன். ஓ-லெவல் வேதியியல் படித்த எல்லாருக்கும் இது தெரியும்: காப்பர் சல்பேட் கரைசலில் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டால் முதலில் வெளிர்நீல வீழ்படிவு வரும். இன்னும் விட்டால் அது கரைந்து கருநீலமாகிவிடும். "வெளிர்நீல வீழ்படிவு, மிகையில் கரைந்து கருநீலக் கரைசல்" என்று மனப்பாடமாக எழுதி மதிப்பெண் வாங்கியிருப்போம். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் இன்னும் அழகாக இருக்கும்.

தொடக்கத்தில் செம்பு அயனியைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகள் நிற்கின்றன. தண்ணீரும் ஓர் ஈனிதான், ஆனால் பிடி தளர்வு. அம்மோனியா வந்ததும் நான்கு தண்ணீரைத் தள்ளிவிட்டு, சதுரத்தின் நான்கு மூலைகளில் நான்கு அம்மோனியாக்கள் உட்காருகின்றன. மேலும் கீழும் இரண்டு தண்ணீர் மட்டும் சற்றுத் தள்ளி நிற்கின்றன. அந்தத் தள்ளி நிற்பதும் தற்செயல் இல்லை. இரண்டு எலக்ட்ரான் இழந்த செம்பில் 'டி' என்ற உட்கூட்டில் 9 எலக்ட்ரான்கள் இருக்கின்றன. பத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று குறைவதால், எண்முகி வடிவம் சீராக இல்லாமல் மேலும் கீழும் நீண்டுவிடும். 1937இல் யான், டெல்லர் இருவரும் இதற்குக் காரணம் காட்டினார்கள்.

இப்போது நிறம். தண்ணீர் பிடித்திருக்கும்போது செம்பு, ஒளியின் சிவப்பு ஓரத்தை உறிஞ்சுகிறது. மிஞ்சியது வெளிர்நீலம். அம்மோனியா இன்னும் இறுக்கிப் பிடிப்பதால் எலக்ட்ரான் தாவ வேண்டிய உயரம் கூடுகிறது. உறிஞ்சும் ஒளி 600 நானோமீட்டர் பக்கம், ஆரஞ்சுக்கு நகர்கிறது. மிஞ்சியது கருநீலம். அடுத்து, புரதத்தைக் கண்டறிய உயிரியல் பாடத்தில் செய்யும் பையூரெட் சோதனை. முட்டை வெள்ளைக்கருவில் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு, இரண்டு சொட்டுக் காப்பர் சல்பேட் விட்டால் ஊதா வரும். அங்கே செம்பைப் பிடிப்பவை புரதச் சங்கிலியின் நைட்ரஜன்கள். காரம் எதற்கு என்றால், அந்த நைட்ரஜன்களில் ஒட்டியிருக்கும் ஹைட்ரஜனைக் கழற்றிவிட்டால்தான் அவற்றால் கை நீட்ட முடியும். கழன்றதும் அவை அம்மோனியாவைவிட வலுவாகப் பிடிக்கின்றன. உறிஞ்சுவது 540 நானோமீட்டர் அளவில் பச்சை ஒளி. கண்ணுக்குத் தெரிவது ஊதா.

வெளிர்நீலம், கருநீலம், ஊதா. மூன்று குழாயிலும் இருப்பது ஒரே செம்பு. "அப்போ கலர் பார்த்தே பிடி எவ்வளவு இறுக்கம்னு சொல்லலாமா?" என்றாள். இந்த மூன்றைப் பொறுத்தவரை சொல்லலாம். ஆய்வகத்தில் புதிய அணைவுச் சேர்மம் செய்பவர்கள் முதலில் எடுப்பதும் அதன் ஒளி உறிஞ்சும் வரைபடத்தைத்தான். செம்பைச் சுற்றி என்ன வடிவம், எந்த அணுக்கள் பிடித்திருக்கின்றன என்ற முதல் துப்பு அங்கேதான் கிடைக்கும்.

சர்க்கரைக்குச் செய்யும் பெனடிக்ட் சோதனையும் இந்தக் குடும்பம்தான். காரக் கரைசலில் செம்பு வீழ்படிவாக இறங்கிவிடாமல் தாங்கிப் பிடிப்பது சிட்ரேட், எலுமிச்சையில் இருக்கும் அதே சிட்ரிக் அமிலத்தின் பிள்ளை. சூடாக்கும்போது குளுக்கோஸ் ஓர் எலக்ட்ரானைக் கொடுக்க, செம்பு தன் மற்ற முகத்துக்கு மாறுகிறது. அந்த முகத்தைச் சிட்ரேட்டால் சரியாகப் பிடிக்க முடியாது. விட்டுவிடுகிறது. செங்கல் சிவப்பில் வீழ்படிவு விழுகிறது. பழைய பெலிங் கரைசலில் சிட்ரேட்டுக்குப் பதில் டார்டரேட் இருக்கும். அதாவது அம்மாவின் புளி.

சரி, ஈனிகளில் எல்லாம் வலுவானது எது? ஒரே மூலக்கூறு இரண்டு, மூன்று இடங்களில் பிடித்தால் பிடி பல மடங்கு இறுகும். இதற்குக் கொடுக்கிணைப்பு என்று பெயர். ஆங்கிலத்திலும் நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் இந்தப் பெயர் வந்தது. சில்லி கிராப் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஒற்றைக் கையால் பிடித்தவர் விட்டுவிட்டால் போய்விடுவார். இரண்டு கையால் பிடித்தவரின் ஒரு கை நழுவினாலும் மற்றது பிடித்திருக்கும், நழுவிய கை திரும்பிவந்து பற்றிக்கொள்ளும். பிடி எவ்வளவு உறுதி என்று காட்டுவது நிலைப்பு எண். ஆறு இடங்களில் பிடிக்கும் இடிடிஏ என்ற ஈனியோடு செம்பு சேரும்போது அந்த எண்ணை எழுதினால், ஒன்றுக்குப் பின்னால் பதினெட்டுச் சுழியம் போட வேண்டும். அப்புறம் இன்னொன்று. மாங்கனீசு, இரும்பு, கோபால்ட், நிக்கல், செம்பு, துத்தநாகம் என்று வரிசையாக இரட்டை நேர்மின் அயனிகளை எடுத்தால், பெரும்பாலான ஈனிகளோடு இறுக்கமாகச் சேர்வது செம்புதான். இர்விங், வில்லியம்ஸ் இருவரின் பெயரால் அறியப்படும் வரிசை இது. உடலுக்குள் செம்பு தளர்வாகத் திரிந்தால் மற்ற உலோகங்களின் இடத்தை எல்லாம் அது பிடித்துக்கொள்ளும் என்பது இதிலிருந்தே தெரிந்துவிடும்.

நண்டைச் சொன்னதால் அதன் இரத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். நண்டு, இறால், கணவாய் இவற்றின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு இல்லை, செம்பு. மண்டாய், கிராஞ்சிச் சேற்றுக்கரைகளில் வாழும் குதிரைலாட நண்டுகளுக்கும் அப்படித்தான், அவை உண்மையில் நண்டு இனம் இல்லை என்றாலும். அந்தப் புரதத்தின் பெயர் ஹீமோசயனின். அதற்குள் இரண்டு செம்பு அணுக்கள் எதிரெதிரே இருக்கும். ஒவ்வொன்றையும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தின் மூன்று நைட்ரஜன் வளையங்கள் பிடித்திருக்கும். ஆக்சிஜன் இல்லாதபோது செம்பு ஓர் எலக்ட்ரான் இழந்த முகத்தில், நிறமில்லாமல் இருக்கும். ஆக்சிஜன் வந்து இரண்டுக்கும் நடுவே அமர்ந்ததும் இரண்டும் அடுத்த முகத்துக்கு மாறி, இரத்தம் நீலமாகிவிடும். ஆக்சிஜனை இறக்கிவிட்டால் மறுபடி நிறமின்மை. சோதனைக்குழாயில் பார்த்த அதே விளையாட்டு, அந்தச் சேற்றுக்குள் ஓர் உயிர் மூச்சு விடுவதற்காக ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. முதன்முதலில் இதைப் படித்த நாளில் எனக்கு உண்மையிலேயே சிலிர்த்துவிட்டது.

நம் உடம்பிலும் செம்பு உண்டு, ஏறத்தாழ 100 மில்லிகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 0.9 மில்லிகிராம் போதும். எள், முந்திரி, ஈரல், நண்டு இவற்றிலிருந்து எளிதாகக் கிடைத்துவிடும். இந்தக் கொஞ்சம் செம்பு இல்லாவிட்டால் செல்லில் ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஆற்றல் எடுக்கும் கடைசிப் படி நடக்காது. தோலையும் இரத்தக்குழாயையும் உறுதியாக்கும் பிணைப்புகள் உண்டாகாது. முடிக்கு நிறம் வராது. செல்லைக் கெடுக்கும் சூப்பர் ஆக்சைடை முறிக்கும் நொதி ஒன்றும் செம்பையும் துத்தநாகத்தையும் வைத்தே வேலை செய்கிறது. 1969இல் மெக்கார்டும் பிரிடோவிச்சும் அந்த நொதியின் வேலையைக் கண்டறிந்தார்கள்.

இவ்வளவு வேலை செய்யும் செம்பை உடல் ஒரு நொடியும் தனியாக விடுவதில்லை. தனியாக விட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து ஹைட்ராக்சில் என்ற மூர்க்கமான துகளை உண்டாக்கும். அது டிஎன்ஏ, கொழுப்பு, புரதம் என்று எதிரில் வருவதை எல்லாம் தாக்கும். 1999இல் ஈஸ்ட் செல்களை ஆராய்ந்தவர்கள், ஒரு செல்லுக்குள் எந்த ஈனியும் பிடிக்காத செம்பு அயனி சராசரியாக ஒன்றுகூட இல்லை என்று கணக்கிட்டார்கள். குடலில் வாங்குவது முதல் நொதியில் வைப்பது வரை, ஒரு புரதம் இன்னொரு புரதத்தின் கையில் கொடுத்தே நகர்த்துகிறது. பச்சைக் குழந்தையைக் கை மாற்றுவது போல, அடுத்தவர் பிடித்த பிறகே முதலாமவர் விடுவார்.

இந்தக் கைமாற்றம் பிறவியிலேயே கெட்டுப்போனால் நோய். கல்லீரல் செம்பைப் பித்தத்தில் வெளியேற்ற முடியாமல் தேங்கிப்போவது வில்சன் நோய். 1912இல் கின்னியர் வில்சன் விவரித்தது. கல்லீரலும் மூளையும் பாதிக்கப்படும். சிலருக்குக் கருவிழியின் ஓரத்தில் பொன்பழுப்பு வளையம் தெரியும், அது அங்கே படிந்த செம்பு. 1956இல் ஜான் வால்ஷ் இதற்கு ஒரு மருந்து கொண்டுவந்தார்: பெனிசிலமின். பெனிசிலின் உடையும்போது உண்டாகும் சிறிய மூலக்கூறு அது. அதில் நைட்ரஜன் இருக்கிறது, கந்தகம் இருக்கிறது. செம்பைப் பிடித்துச் சிறுநீரில் இழுத்துச் செல்கிறது. கொஞ்சம் யோசித்தால் புளி போட்டுச் சொம்பு விளக்குவதும் இதுவும் ஒரே யோசனைதான். நேர் எதிரானது மென்கிஸ் நோய். குடல் வாங்கிய செம்பு உடலுக்குள் போகாமல் தங்கிவிடும், குழந்தையின் மூளை செம்பில்லாமல் வாடும். அங்கே செம்பையும் ஹிஸ்டிடினையும் சேர்த்த அணைவுச் சேர்மத்தை ஊசியாகப் போடுகிறார்கள். பிறந்த சில வாரங்களுக்குள் தொடங்கினால் பலன் கூடுதல். ஒரு நோய்க்குச் செம்பை வெளியே எடுக்க ஈனி, இன்னொரு நோய்க்கு உள்ளே கொண்டுபோக ஈனி.

ஆய்வகங்களில் புதிது புதிதாகச் செம்பு அணைவுச் சேர்மங்கள் செய்வதற்கும் இதுதான் தூண்டுதல். பிளாட்டினம் கொண்ட சிஸ்பிளாட்டின் 1978இல் புற்றுநோய் மருந்தாக அனுமதி பெற்றதும், உடலுக்குப் பழக்கமான செம்பை வைத்து முயன்றால் என்ன என்ற கேள்வி வலுத்தது. 1979இல் டேவிட் சிக்மன் குழு, பினாந்த்ரோலின் என்ற தட்டையான ஈனியோடு சேர்ந்த செம்பு டிஎன்ஏவை வெட்டுவதைக் காட்டியது. தட்டையான வளையம் டிஎன்ஏவின் பள்ளத்தில் போய் அமர்கிறது, செம்பு அங்கேயே தன் இரண்டு முகங்களையும் மாற்றி மாற்றிக் காட்டி இழையை அறுக்கிறது. மெக்சிகோவில் லேனா ருயிஸ்-அசுவாரா உருவாக்கிய காசியோபைனா என்ற செம்புச் சேர்மங்கள் மனிதச் சோதனையின் முதல் கட்டம் வரை போயின. ஆல்டிஹைடையும் அமீனையும் சேர்த்து எளிதாகச் செய்யக்கூடிய ஷிஃப் காரங்கள் இந்த வேலையில் மிகப் பிரபலம். தமிழ்நாட்டில் வேதியியல் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் நண்பர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், அவரோ அவர் பக்கத்து மேசைக்காரரோ ஒரு ஷிஃப் காரச் செம்பை வடிகட்டியிருப்பார்.

ஈனி மட்டும் இருந்தபோது பாக்டீரியாவை மெல்லத் தடுத்தது, செம்போடு சேர்ந்ததும் நன்றாகத் தடுத்தது என்று இந்த ஆய்வுகள் அடிக்கடி சொல்லும். காரணமாகச் சொல்லப்படுவது இது: செல்லின் உறை கொழுப்பாலானது. மின்சுமை உள்ள வெறும் செம்பு அயனி அதைத் தாண்டத் திணறும். ஈனி அதன் மின்சுமையைப் பங்கிட்டு, கொழுப்போடு ஒத்துப்போகும் போர்வையைப் போர்த்திவிட்டால் உள்ளே நுழைவது எளிது. நுழைந்தபின் செம்பு தன் வேலையைக் காட்டும்.

இங்கே நான் வாசகரை நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். ஆய்வகத் தட்டில் கொன்றது உடலில் குணமாக்கும் என்று அர்த்தமில்லை. இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் ஏராளமாக இருக்கிறது, செம்பைப் பிடிப்பதில் அது கெட்டி. ஊசியில் போட்ட சேர்மத்திலிருந்து செம்பை அது பறித்துக்கொண்டால், தட்டில் வேலை செய்த அந்த மூலக்கூறே உடலில் இருக்காது. குடிப்பழக்கத்தை நிறுத்தக் கொடுக்கும் டைசல்பிராம், உடலில் மாறிச் செம்பைப் பிடித்துப் புற்றுச் செல்லைக் கொல்கிறது என்று 2017இல் நல்ல ஆதாரத்தோடு காட்டினார்கள். ஆனால் திரும்ப வந்த ஒருவகை மூளைப் புற்றுக்கு அதைச் செம்போடு சேர்த்துக் கொடுத்த சோதனையில் நோயாளிகளுக்குப் பலன் இல்லை என்று 2023இல் முடிவு வந்தது. அதற்காகத் துறை சோர்ந்துவிடவில்லை. அளவுக்கு மிஞ்சிய செம்பு, செல்லின் ஆற்றல் சுழற்சியில் உள்ள சில புரதங்களோடு ஒட்டி அவற்றைக் கட்டியாக்கிச் செல்லைக் கொல்லும் தனி வழி ஒன்று உண்டு என்று 2022இல் தெரியவந்தது. அதற்குக் குப்ரோப்டோசிஸ் என்று பெயர் வைத்து இப்போது மும்முரமாக ஆராய்கிறார்கள்.

ஏற்கெனவே மருத்துவமனைக்கு வந்துவிட்ட செம்பும் உண்டு. கதிரியக்கச் செம்பு-64 பாதியாகக் குறைய 12.7 மணி நேரம் ஆகும். அதை டோட்டா என்ற கூண்டு போன்ற ஈனிக்குள் வைத்து, ஒருவகைக் கட்டியைத் தேடிப்போகும் பெப்டைடோடு இணைத்து, பெட் ஸ்கேனில் கட்டி இருக்கும் இடத்தைப் படம் பிடிக்கிறார்கள். 2020இல் அமெரிக்கா அனுமதித்தது. படம் எடுத்து முடியும்வரை கூண்டு கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் செம்பு கல்லீரலுக்கு ஓடிவிடும், படம் மங்கிவிடும்.

மருந்தகங்களில் நீலநிறத்தில் குட்டிப் புட்டிகளில் விற்கும் காப்பர் பெப்டைட் சீரமும் அணைவுச் சேர்மம்தான். கிளைசின், ஹிஸ்டிடின், லைசின் என்ற மூன்று அமினோ அமிலங்களின் சிறு சங்கிலி செம்பைப் பிடித்திருக்கிறது. அந்தச் சங்கிலியை 1973இல் மனித இரத்தத்தில் கண்டவர் லோரன் பிக்கார்ட். நீலம் சாயம் இல்லை, செம்பின் சொந்த நிறம். செல் வளர்ப்பிலும் விலங்குகளிலும் காயம் ஆறுவதற்கு அது உதவியதாக ஆய்வுகள் உண்டு. சுருக்கம் போய்விடும் என்று அந்தப் புட்டிக்காக மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை ஒதுக்கும் அளவுக்கு அந்த ஆதாரம் வளர்ந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை.

அக்கா மகளின் கடைசிக் கேள்வி சொம்பைப் பற்றி. "இவ்ளோ சொல்றீங்களே, இதில தண்ணி குடிக்கலாமா?" தண்ணீர் குடிக்கலாம். குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. புளிப்புத்தான் கூடாது. ரசம், மோர், எலுமிச்சைச் சாறு எல்லாம் செம்பைக் கரைத்துப் பிடித்துக்கொண்டு வயிற்றுக்குள் கொண்டுவந்துவிடும், குமட்டலும் வாந்தியும் வரும். அந்தக் காலத்தில் பாத்திரத்துக்கு ஈயம், அதாவது வெள்ளீயம், பூச வருபவருக்காகத் தெருவே காத்திருந்தது இதனால்தான்.

ஈயம் பூசுவது என்றதும் அம்மா கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார், அவர் குழந்தையாக இருந்த ஊரில் பித்தளைச் சொம்பில்தான் பால் காய்ச்சுவார்களாம். இந்தியாவில் கைக்குழந்தைகளின் கல்லீரல் கெட்டிப்பட்டு இறந்துபோகும் நோய் ஒன்று இருந்தது. ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் பாலைக் காய்ச்சி வைத்துக் கொடுத்ததோடு அதற்குத் தொடர்பு இருப்பதை 1980களில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பாலில் இருக்கும் கேசின் என்ற புரதம் செம்பை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். எவர்சில்வர் வீட்டுக்கு வீடு வந்தபின் அந்த நோய் அரிதாகிவிட்டது. அம்மா சொம்பைத் துடைத்து, தண்ணீர் நிரப்பி, பூசை மாடத்தில் வைத்தார். பாயசத்துக்கான பால் எவர்சில்வர் பாத்திரத்தில் அடுப்பேறியது.